துபாய் என்று எழுதிவிட்டார்கள்: தம்பியின் மலேரியாவைத் தேடிய கதை

நைஜீரியாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது, அவன் எந்த நாட்டில் இருந்தான் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியாக எங்கிருந்து விமானம் ஏறினான் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். லேகோசில் எலக்ட்ரீசியனாக இருந்தவன், வரும் வழியில் துபாயில் சித்தப்பா மகனின் அறையில் சில நாள் தங்கிவிட்டுச் சென்னையில் வந்து இறங்கினான். ஆகவே அந்தக் கேள்விக்குத் துபாய் என்ற பதில் பொய்யில்லை. ஆனால் அந்தப் பதில் ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு ஏறிக்கொண்டே போனதில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆப்பிரிக்காவில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் பக்கம் பெருகிவரும் நிலையில், இது நாலு பேருக்குப் பயன்படலாம்.

விமான நிலையச் சோதனையில் எந்தத் தொல்லையும் இல்லை. கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொண்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியின் அட்டையைக் காட்டினான், விட்டுவிட்டார்கள். தொல்லை அந்த அட்டையை நம்பியவர்களால் வந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசி மஞ்சள் காய்ச்சலை மட்டுமே தடுக்கும்; மலேரியாவுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. “வெளிநாட்டு ஊசியெல்லாம் போட்டிருக்கிறாரே, பிறகென்ன?” என்று உறவினர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம், பணியிலிருந்த மருத்துவரும் அதையே சொன்னால் என்ன செய்வது?

முதலில் போனது மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு. குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல், தட்டணுக்கள் குறைவு. உடனே டெங்கு என்றார்கள்; அந்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றானதும், வைடால் பரிசோதனையை வைத்து டைபாய்டு என்று முடிவுசெய்து மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மலேரியாவிலும் தட்டணுக்கள் குறையும் என்பதும், வைடாலை மட்டும் நம்பி டைபாய்டு என்று தீர்மானிக்கக் கூடாது என்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்தவை. நைஜீரியா என்று நான் வாய்விட்டுச் சொன்னேன், ஆனால் நோயாளிக் குறிப்பில் ‘துபாயிலிருந்து வந்தவர்’ என்றே இருந்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2007-இலேயே மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டுவிட்டது. நைஜீரியாவிலோ உலக மலேரியா நோயாளிகளில் ஏறத்தாழ கால்பங்கினர் இருக்கிறார்கள். குறிப்பைப் படிக்கும் மருத்துவருக்கு மலேரியா என்ற நினைப்பே வராமற் போக, அந்த ஒரு வரி போதும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வந்தால்தான் மலேரியா என்று காத்திருப்பதும் தவறு. ஃபால்சிபாரம் என்ற கொடிய மலேரியா வகை அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. கவனிக்காமல் விட்டால் மிக விரைவில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும். தம்பியின் பேச்சு குழறத் தொடங்கிய இரவில், எழுதிக் கொடுத்து அவனை வெளியே கொண்டுவந்து அரசு இராசாசி மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே ரத்தத் தடவல் எடுத்து, அதாவது ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்து, அன்றே ஃபால்சிபாரம் என்று சொல்லிவிட்டார்கள். ஆர்ட்டிசுனேட் ஊசி, பிறகு மாத்திரைகள், தேறிவிட்டான்.

நோய் தீர்ந்ததும் தாள்களின் கதை தொடங்கியது. மலேரியா உறுதியானால் அந்தத் தகவல் அரசின் நோய்க் கண்காணிப்பு வலைத்தளத்தில் ஏற வேண்டும். பிறகு களப்பணியாளர் நோயாளியின் இருப்பிடத்துக்கு வந்து விசாரிக்க வேண்டும். தம்பியின் ஆதாரில் இருந்ததோ செல்லூர் பழைய வீட்டு முகவரி. நாங்கள் யானைமலைப் பக்கம் ஓர் ஊராட்சிக்குக் குடிவந்து வெகுகாலமாகிறது. செல்லூரில் இப்போது குடியிருப்பவர்களின் கதவைத் தட்டி மலேரியா என்று சொன்னதில் அவர்கள் பதறிப்போய் எங்களுக்குத் தொலைபேசினார்கள். தம்பி விமான நிலையப் படிவத்தில் எழுதியிருந்தது நைஜீரிய எண், அந்த சிம் அட்டையோ லேகோசோடு முடிந்தது.

ஒருவழியாக எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் அக்கம்பக்கத்தில் காய்ச்சல் கண்டவர்களிடமெல்லாம் ரத்தத் தடவல் எடுத்தார்கள், மொட்டைமாடித் தொட்டிகளைத் திறந்து கொசுப்புழு தேடினார்கள், புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றினார்கள். இதில் எனக்குக் குறையில்லை. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு மூடாத தொட்டியிலும் கிணற்றிலும்தான் பெருகுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் ரத்தத்தைக் குடித்த கொசு சில வாரங்களில் உள்ளூர்க்காரருக்கு நோயைக் கொடுக்கக்கூடும். ஆனால் பதிவில் வந்த நாடு துபாய் என்றிருந்ததால் இது உள்ளூரிலேயே தொற்றியது என்று வகைப்படுத்திவிட்டார்கள். தெருவுக்கே மலேரியாத் தெரு என்று பெயர் வந்துவிட்டது. “உங்க வீட்டுக் காய்ச்சலுக்கு எங்க புள்ளைக்கு ஏன் தம்பி ஊசி குத்துறாக?” என்று எதிர்வீட்டு அத்தை கேட்டபோது என்னிடம் விடையில்லை.

வகை மாறுவது சின்ன விஷயமில்லை. 2027-க்குள் உள்ளூர்த் தொற்றே இல்லாத நிலையை எட்டி, 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது இந்தியாவின் இலக்கு. அதற்கு ஒவ்வொரு நோயாளியும் இங்கே தொற்றியவரா, வெளியிலிருந்து கொண்டுவந்தவரா என்று பிரித்தறிய வேண்டும். கடலுக்கு அப்பால் இலங்கை 2016-இல் மலேரியா ஒழிந்த நாடாகச் சான்று பெற்றது. ஆப்பிரிக்கா செல்வோருக்கு அங்கே அரசே இலவசமாகத் தடுப்பு மாத்திரை கொடுத்து, திரும்பி வருவோரையும் தேடிக் கண்காணிக்கிறது.

திருத்தம் கேட்டு ஒரு சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னிருந்தவர், “பதிஞ்சவங்கதான் சார் மாத்தணும்” என்றார். மருத்துவமனைத் தரப்பில், விசாரித்தவர்கள் மாற்ற வேண்டும் என்றார்கள். செல்லூர் ஓர் எல்லை, எங்கள் ஊராட்சி இன்னோர் எல்லை என்பதால், மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்பதிலேயே ஒரு வழக்கு. நைஜீரியாவுக்குச் சான்று கேட்டவர்களிடம் தடுப்பூசி அட்டையைக் காட்டினால், அது போகுமுன் போட்டது, போனதற்குச் சான்றாகாது என்றார்கள். அதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

முடிச்சை அவிழ்த்தவர் எங்கள் பகுதிச் சுகாதார ஆய்வாளர். அவர் பாஸ்போர்ட்டின் பக்கங்களைப் புரட்டி, லேகோசை விட்டுக் கிளம்பிய முத்திரையையும் சென்னையில் இறங்கிய முத்திரையையும் காய்ச்சல் தொடங்கிய நாளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினார். கொசு கடித்ததிலிருந்து ஃபால்சிபாரம் காய்ச்சலாக வெளிப்படக் குறைந்தது ஒரு வாரமாவது ஆகும். தம்பிக்கோ இந்திய மண்ணை மிதித்து ஒரு வாரம் நிறையும் முன்பே குளிர் கண்டுவிட்டது. அப்படியிருக்க இங்குள்ள கொசு எப்படிக் காரணமாகும் என்று விசாரணைப் படிவத்திலேயே காரணத்தோடு எழுதி, வெளிநாட்டுத் தொற்று என்று மாற்றப் பரிந்துரைத்துவிட்டார். எதிர்வீட்டு அத்தையிடம் போய் அவரே சொன்னது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

இந்த நிலையில் மாட்டுகிறவர்கள், பாஸ்போர்ட்டில் முத்திரையுள்ள எல்லாப் பக்கங்களின் நகலையும் மருத்துவமனைக்குப் போகும் முதல் நாளே கையில் வைத்திருங்கள். தங்கி வேலை பார்த்த நாட்டின் பெயரை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், குறிப்பில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பாருங்கள். மலேரியா ரத்தத் தடவல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முதல் தடவலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் காய்ச்சல் நீடித்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஆதாரில் உள்ள முகவரியோடு, இப்போது இரவு படுத்துறங்கும் வீட்டின் முகவரியையும் உள்ளூர் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். ஊர் வந்து சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் ஆப்பிரிக்காவை மறைக்காதீர்கள், வைவாக்ஸ் போன்ற வகைகள் கல்லீரலில் ஒளிந்திருந்து அவ்வளவு தாமதமாகவும் வெளிவரும்.

தம்பி மறுபடி லேகோசுக்குக் கிளம்புகிறான். இம்முறை மருத்துவர் தடுப்புக்கு டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை அங்கிருந்து கிளம்பிய பிறகும் 4 வாரம் விடாமல் விழுங்க வேண்டும். விமானம் ஏறிய அன்றே பலர் நிறுத்திவிடுகிறார்களாம், ஆகவே அந்த 4 வார மாத்திரையை இப்போதே தனியாகக் கட்டி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.