மழைக்காலப் பூஞ்சையும் தோல் ஷூவும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் தோல் ஷூவின் தையல் ஓரங்களிலும் நாக்குப் பகுதியின் மடிப்பிலும் சாம்பல் கலந்த வெண்மையில் பூஞ்சை படர்ந்துவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் சில நாட்கள் நீடித்தாலே போதும். தோலில் ஊறிய எண்ணெயும் வியர்வையும் அதற்கு உணவாகின்றன.

அதை வீட்டுக்குள் தட்டினால் வித்துகள் பறந்து பக்கத்திலுள்ள பெல்ட்டிலும் பையிலும் ஒட்டிக்கொள்ளும். எனவே மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்று, லேஸைக் கழற்றிவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தபின், வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். சாயம் போகிறதா என்று கண்ணில் படாத ஓரத்தில் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. கடும் வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும் என்பதால், உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துவதே சரி.

நாற்றம் வேறு சங்கதி. வியர்வைக்குப் பெரிதாக வாடையில்லை. அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்களே நாற்றத்தை உண்டாக்குகின்றன. சமையல் சோடாவை மெல்லிய துணியில் முடிந்து இரவு முழுவதும் உள்ளே வைக்கலாம். காரத்தன்மை தோலை வறளச் செய்யுமாதலால் நேரடியாகத் தூவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரசகற்பூர உருண்டை போடுபவர்களும் உண்டு. நாற்றத்தோடு இன்னொரு நாற்றம் சேரும், அவ்வளவுதான்.

நன்றாக உலர்ந்த பிறகே பாலிஷ் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். துணிப்பையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதுமானவை.