பாதிச் சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்த ஹோட்டல்

போன சனிக்கிழமை இரண்டாம் மாடியில் ஒன்பது அறைகளைத் திறந்துவிட்டோம். சந்தோஷமாக எழுத வேண்டிய நேரம்தான். ஆனால் அந்த மூன்று மாத ஸ்டாம்பை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. இப்படி ஒரு வேலையில் இறங்கப்போகிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மையத்தில், கிரே ஸ்ட்ரீட் பக்கம் இருக்கிறது எங்கள் ஹோட்டல். பலகையில் டாக்டர் யூசுப் தாதூ தெரு என்று மாற்றிப் பல வருடம் ஆகிறது. எங்கள் வாயில் இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான். 2020 மார்ச் ஊரடங்கில் மூடிய மூன்று மாடிக் கட்டடம் அப்புறம் திறக்கவே இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் கீழ்த்தளக் கண்ணாடி எல்லாம் போயிற்று. மிச்சம் இருந்தது புறாக்கள். கோவில் கமிட்டி, பக்கத்துக் கடைக்காரர்கள், சர்ச்சுக்காரர்கள் மூன்று தரப்பும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஹோட்டல் வேலை கற்றுக்கொடுத்து, அவர்களை வைத்தே நடத்துவது என்று முடிவு செய்தோம். அந்தப் பேச்சு ஒரே மாலையில், சமோசா தீர்வதற்குள் முடிந்தது. என்பிஓ (லாப நோக்கமில்லாத அமைப்பு) பதிவு, வரி எண், மின்சாரச் சான்று எல்லாம் அலைச்சல்தான், ஆனால் நடந்துவிட்டன.

முதல் அடி பெயின்ட்டில் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்து ஆர்வத்தோடு முன்சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். பாதிச் சுவர் முடிந்திருந்தது. அந்த வழியாகப் போன ஆர்க்கிடெக்ட் அம்மா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "பெர்மிட் வாங்கிட்டீங்களா?" என்றார். பெயின்ட்டுக்கு எதற்குப் பெர்மிட் என்று நான் சிரித்தேன். அவர் வாசலுக்கு மேலே கையைக் காட்டினார். சிமெண்டில் பதித்த எண்: 1938. ஆறு மாதமாக அதன் கீழேதான் போய் வந்துகொண்டிருந்தோம்.

விஷயம் இதுதான். 60 வருடத்துக்கு மேலான எந்தக் கட்டடத்தையும் மாகாணப் பாரம்பரியத் துறையின் அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தில் 34-ஆம் பிரிவு. இடித்தால்தானே மாற்றம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சட்டம் 'மாற்றுவது' என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் பெயின்ட் அடிப்பதும் பூசுவதும் சேர்த்தி. பிரஷ்ஷை அப்படியே கீழே வைத்தோம்.

விண்ணப்பத்துக்குப் பழைய நிலையைக் காட்டும் படம் வேண்டும். நாங்கள்தான் சுவரை மூடிவிட்டோமே! தெரு முழுக்கக் கேட்டுப் பார்த்தோம். எதிர்க்கடை ஆன்ட்டி வீட்டில் ஒரு கல்யாண ஆல்பம் இருந்தது. மாலையும் கழுத்துமாக அவர் காரிலிருந்து இறங்கும் படத்தில், பின்னால் எங்கள் சுவர், பால்கனிக் கம்பி வரைக்கும் தெளிவாக. "என்னைப் பார்க்காம சுவத்தைப் பாக்கிறீங்களே" என்று ஆன்ட்டிக்குக் கோபம். அந்தப் படம்தான் ஃபைலைக் காப்பாற்றியது. நீங்கள் கட்டடத்துக்குள் கால் வைக்கும் முதல் நாளே நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது பயிற்சி. டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், உம்லாசி, குவாமாஷுவிலிருந்து பதினான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். முதலில் பேசிய பயிற்சி நிறுவனம் பளபளவென்று ஒரு புத்தகம் கொடுத்தது. நல்ல வேளை, கையெழுத்துப் போடுவதற்கு முந்தின இரவு, அதில் இருந்த சாக்வா எண்ணை, அதாவது நாட்டின் கல்வித் தகுதிகளைப் பதிவு செய்யும் அமைப்பின் எண்ணை, தட்டிப் பார்த்தேன். அது பழைய தகுதி. புதிதாகச் சேர 2024 ஜூன் 30-தான் கடைசி நாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது 2025-இல். காலையில் போன் போட்டுக் கேட்டால், "அது ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்கிறார்கள். யாருக்குப் பிரச்சினை இல்லை? ஒரு வருடம் படித்துவிட்டுச் சான்றிதழ் வராமல் நிற்கப்போவது பிள்ளைகள்தானே.

இரண்டாவது நிறுவனம் சரியாக இருந்தது, அவர்கள் கவுன்டரைத் தவிர. லேர்னர்ஷிப், அதாவது வேலை செய்துகொண்டே படிக்கும் பயிற்சிக்கான ஒப்பந்தம், பிள்ளை, வேலை கொடுப்பவர், பயிற்சி தருபவர் மூவரும் கையெழுத்திட்டு, ஹோட்டல் துறைக்கான சீட்டா என்ற பயிற்சி வாரியத்தில் பதிவாக வேண்டும். கூடவே அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ் நகல்கள், 'உண்மை நகல்' என்ற போலீஸ் ஸ்டேஷன் முத்திரையோடு. அந்த முத்திரை மூன்று மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் வாங்க மாட்டார்கள். பதினான்கு பேருடையதையும் ஒரு கட்டாகக் கொண்டுபோனேன். கவுன்டர் பெண் ஒவ்வொரு ஸ்டாம்பாக விரலை வைத்துத் தேதி எண்ணினார். ஆறாவது தாளில் விரல் நின்றது.

"இது மூணு மாசமும் நாலு நாளும் ஆயிடுச்சு."

இரண்டு பேருடையது மட்டும்தான் தேதி தாண்டியிருந்தது. மற்ற பன்னிரண்டையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். கட்டு முழுமையாக இருந்தால்தான் வாங்குவாராம். திருப்பித் தள்ளிவிட்டார். மறுபடி எல்லோருக்கும் டாக்ஸிச் செலவு, மறுபடி ஸ்டேஷனில் வரிசை. அங்கே முத்திரை மை காய்ந்துபோய்த் தேதியே தெரியவில்லை. கான்ஸ்டபிள் வாயால் ஊதி ஊதி மூன்று முறை குத்தினார். ஆகவே, நகலுக்கு முத்திரை வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாத் தாளும் கைக்கு வந்த பிறகு ஒரே நாளில் எல்லோரையும் கூட்டிப்போங்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வருமுன் தேதி தெரிகிறதா என்று பாருங்கள். பணம் கேட்க மாட்டார்கள், அது இலவசம்.

இன்னொன்று: பயிற்சிக்கான சீட்டா மானியம் தவணை தவணையாகத்தான் வரும், அதுவும் பதிவுக்குப் பிறகு. பிள்ளைகளின் உதவித்தொகையை அதை நம்பி வைக்காதீர்கள். எங்களுக்கு முதல் இரண்டு மாதத்தைக் காப்பாற்றியது ஞாயிற்றுக்கிழமை பிரியாணி விற்பனை.

பெரியப்பா கதையைச் சொல்லாமல் விட முடியாது. வயது 76. கடற்கரை ஹோட்டல்களில் நாற்பது வருடம் வெயிட்டர். அவர் வேலைக்குச் சேர்ந்தது நிறவெறிச் சட்டக் காலம்; அந்த மேசைக்குத் தட்டு கொண்டுபோகலாம், அதில் உட்கார முடியாது. இப்போது அவர்தான் பிள்ளைகளுக்கு இடது கையில் மூன்று தட்டு ஏந்தக் கற்றுக்கொடுக்கிறார்: முதல் தட்டு விரலிடுக்கில், இரண்டாவது அதன் அடியில், மூன்றாவது முழங்கைப் பக்கம். ஜூலுப் பிள்ளைகள் அவரைப் 'பாபா' (அப்பா) என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அவர் பதிவு பெற்ற அசெஸர் (மதிப்பீட்டாளர்) இல்லையாம், அவர் சொல்லிக்கொடுக்கும் நேரம் கணக்கில் வராதாம். இரண்டு வாரம் மின்னஞ்சலில் மல்லுக்கட்டி, வேலையிடப் பயிற்சிப் பகுதியில் அவரை மென்ட்டராக எழுத வைத்தேன். மதிப்பெண் போடுவது பயிற்சி நிறுவனத்தின் ஆள். பெரியப்பாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. "என்ன பேரு வேணா போட்டுக்கோம்மா, தட்டு கீழ விழக் கூடாது" என்றார்.

லேர்னர்ஷிப் பதிவுக் கடிதம் வந்துவிட்டது. சுவருக்கான அனுமதி விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை, அதனால் முன்பக்கம் பாதி கிரீம், பாதி பழைய சாம்பல் நிறம். சனிக்கிழமை முதல் விருந்தாளியாக பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து வந்தவர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, "இது டிசைனா?" என்று கேட்டார்.

"ஆமா சார், பாரம்பரியம்" என்று சொல்லிவிட்டு, பெரியப்பா அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.