ஸ்ட்ராம்போலி: எரிமலைத் தீவுக்கு வந்தவள்

மார்ச் 4

சிசிலிக்கு வடக்கே உள்ள ஸ்ட்ராம்போலித் தீவிலேயே 1949-இல் படமாக்கப்பட்டு மறு ஆண்டு வெளியான, இத்தாலிய இயக்குநர் ராபர்ட்டோ ரோசெலினியின் ‘ஸ்ட்ராம்போலி’யை இன்று பார்த்தேன். போரில் எல்லாவற்றையும் இழந்த லித்துவேனியப் பெண் காரின் (இங்கிரிட் பெர்க்மன்), அர்ஜென்டினா செல்ல அனுமதி மறுக்கப்பட்டதும், அகதி முகாமிலிருந்து வெளியேறுவதற்காகவே அந்தோனியோ என்ற மீனவனை மணந்துகொள்கிறாள். அவன் அழைத்து வரும் ஊரில் பாதி வீடுகள் பாழடைந்து கிடக்கின்றன; பிழைப்பு தேடிக் கடல் கடந்தவர்களின் வீடுகள் அவை.

மார்ச் 5

காரினுக்கு அடக்கமில்லை என்று ஊர்ப் பெண்கள் அவள் வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்க மறுக்கிறார்கள். அவர்களைக் கொடியவர்களாக என்னால் எண்ண முடியவில்லை. பலரும் ஊரைவிட்டுப் போன பிறகும் தங்கிவிட்டவர்களுக்கு வழக்கங்களைத் தவிரப் பற்றிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? காரினும் குற்றமற்றவள் அல்லள். கணவனைத் தன்னிலும் தாழ்ந்தவனாகவே பார்க்கிறாள். இரு தரப்பின் பிழையையும் மறைக்காததால்தான் படத்தின் மீது எனக்கு இவ்வளவு மதிப்பு.

மார்ச் 7

சூரை மீன் பிடிக்கும் காட்சியை மட்டும் இன்று மறுபடியும் பார்த்தேன். மீனவர்கள் படகுகளை வலையைச் சுற்றி நெருக்கமாக நிறுத்தி, பாடிக்கொண்டே வலையை இழுக்க இழுக்க, கடல் முதலில் கலங்கி, பிறகு கொதிப்பதுபோல் பொங்கி, ஆள் உயர மீன்கள் கொக்கிகளில் மாட்டித் துடித்தபடி மேலே ஏறுகின்றன. நடிப்பு எதுவும் இல்லாத, உண்மையான மீன்பிடிப்பு அது. நமக்குத் தெரிவது அவர்களின் உழைப்பும் ஒற்றுமையும். தெறிக்கும் நீரில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காரினுக்குத் தெரிவது கொலை மட்டுமே. ஊருக்கும் அவளுக்கும் உள்ள தொலைவை எந்த வசனமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

மார்ச் 9

கருவுற்ற காரின், மலைக்கு அப்பாலுள்ள ஜினோஸ்ட்ரா என்ற சிற்றூரை அடைய எரிமலையில் ஏறி, புகையில் மூச்சுத் திணறி, கடவுளைக் கூவி அழைப்பதோடு இத்தாலியப் பதிப்பு முடிகிறது. ஏறத்தாழ 107 நிமிடப் படத்தை ஆர்.கே.ஓ. என்ற ஹாலிவுட் திரைப்பட நிறுவனம் அமெரிக்காவுக்காக 81 நிமிடமாக வெட்டியதோடு, அவள் கணவனிடம் திரும்புவதாகப் பின்னணிக் குரலில் அறிவிக்கவும் செய்தது. ஓடிவிடாதபடி கதவை ஆணியடித்துத் தன்னை அடைத்து வைத்தவனிடம் காரின் திரும்புவாளா என்பதை, அவளைப் பேசவே விடாமல் இன்னொரு குரல் முடிவு செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.