பேஸ் எங்கவே?

பேஸ் கிட்டார் வாசிக்கிறவனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலுதான், பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த ஒலி. இருபத்தாறு வருஷம் நெல்லைப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவன் சொல்கிறேன். கோயில் கொடையோ கல்யாண ரிசப்ஷனோ, எனக்கு இடம் டிரம்ஸுக்குப் பக்கத்தில், டியூப் லைட் எட்டாத மூலை. ஒருமுறை கடையநல்லூர் பக்கம் கச்சேரி முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு கம்பியிலேயே சமாளிச்சிட்டியே தம்பி, மீதி ரெண்டும் அறுந்து போச்சா?" என்று கேட்டார்.

அப்படிப்பட்டவனுக்கு, ஒரு பேஸ்காரன் முக்கால்வாசிக் காட்சிகளில் வருகிற படம் கிடைத்தால் எப்படி இருக்கும்? போன மாசம் மகள் லேப்டாப்பில் 'சம் லைக் இட் ஹாட்' போட்டாள். மர்லின் மன்றோ படம் என்றாள். நானும் மன்றோவுக்காகத்தான் உட்கார்ந்தேன். பத்தே நிமிஷத்தில் என் கண் ஜாக் லெமன் மேல் போய்விட்டது. வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி ஆள் உயரம் இருக்கும் டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அந்த மனிதர் சிகாகோ குளிரில் அல்லாடுகிறார்.

பில்லி வைல்டர் இயக்கி 1959இல் வந்த படம். கதை நடப்பது 1929 பிப்ரவரியில். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலம். வெளியே பார்த்தால் சாவு காரியம் நடத்தும் கடை, உள்ளே போனால் கள்ளச்சாராயமும் பேண்டும். அங்கே ஜோ (டோனி கர்டிஸ்) டெனர் சாக்ஸபோன், ஜெர்ரி (லெமன்) பேஸ். சம்பளம் கைக்கு வரவேண்டிய ராத்திரி பார்த்துப் போலீஸ் ரெய்டு. அதோடு விட்டதா? ஜோ, நாய்ப் பந்தயத்தில் பணம் கட்டலாம் என்று ரெண்டு பேருடைய ஓவர்கோட்டையும் அடகுவைக்க வைத்து, அதையும் தோற்றுத் தொலைக்கிறான். ஒவ்வொரு குழுவிலும் ஒரு ஜோ உண்டு. எங்கள் குழுவின் ஜோவிடம் என் ஆம்ப்ளிஃபயர் போனது 1998இல். இன்னும் வரவில்லை.

பிறகு ஏஜெண்ட் ஆபீஸ்களில் ஏறி இறங்குகிறார்கள். ஒரு இடத்தில் சாக்ஸும் பேஸும் தேவைப்படுகிறது, மூன்று வாரம், ஃப்ளோரிடாவில். ஆனால் அது பெண்கள் மட்டுமே வாசிக்கும் பேண்ட். படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், கொலையைக் கண்ணால் பார்த்துவிட்டதால் உயிருக்குப் பயந்து பெண் வேஷம் போட்டார்கள் என்று சொல்வார்கள். அது சரிதான். சிகாகோவில் அந்த வருஷம் காதலர் தினத்தன்று ஒரு கராஜில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்ட நிஜச் சம்பவத்தைத்தான் வைல்டர் கதைக்குள் இழுத்திருக்கிறார். ஆனால் கவனித்துப் பாருங்கள். புடவையைச் சுற்றிக்கொண்டாவது போய்விடலாம் என்கிற மாதிரி யோசனையை ஜெர்ரி சொல்வது அதற்கு முன்னால், ஏஜெண்ட் ஆபீசிலேயே. துப்பாக்கி பிற்பாடுதான் வருகிறது. முதலில் வந்தது வயிறு.

ரயிலில் ஒத்திகை. இவர்கள் இப்போது ஜோசஃபினும் டாஃப்னியும். பேண்ட் தலைவி சூ, "இதுக்கு முன்னாடி எங்கே வாசிச்சீங்க, கிராமத்து டான்ஸுக்கா?" என்கிற தொனியில் கேட்க, "இல்லை, சாவு வீட்டில்" என்று பதில் வருகிறது. அப்புறம் பேஸில் உள்ள ஓட்டைகளைப் பார்த்து இதெல்லாம் எப்படி வந்தது என்கிறாள். கராஜில் பட்ட குண்டுகள். டாஃப்னி முழித்துவிட்டு, "எலியா இருக்குமோ?" என்கிறது. நான் சோபாவிலிருந்து விழப்போனேன். கடைசியில் வேஷத்தைக் காட்டிக்கொடுப்பதும் அந்த ஓட்டைகள்தான். விக் மாற்றலாம், குரல் மாற்றலாம், நடை மாற்றலாம். வாத்தியத்தை எங்கே கொண்டு ஒளிக்க?

டோனி கர்டிஸின் ஜோவை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மன்றோ அந்தப் பேண்டின் பாடகி ஷுகர். அவள் சாக்ஸபோன்காரர்களை நம்பி நம்பி ஏமாந்த கதையைத் தோழி என்று நினைத்து அவனிடமே கொட்டுகிறாள். அதையெல்லாம் குறிப்பெடுத்தது போல வைத்துக்கொண்டு, கோடீஸ்வரன் என்று இன்னொரு வேஷம் கட்டிக்கொண்டு அவள் முன்னால் வந்து நிற்கிறான். படம் அவனைச் சுலபத்தில் மன்னித்துவிடுகிறது. ஷுகர் பியானோ மேல் உட்கார்ந்து காதலே வேண்டாம் என்று பாடும்போது, அவன் பெண் உடையிலேயே மேடைக்குப் போய் முத்தம் கொடுக்கிறான். அந்த ஒரு காட்சிக்காக நானும் பாதி மன்னித்தேன்.

நான் நாலு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தது வேறொரு காட்சி. ஆஸ்குட் என்ற வயசான பணக்காரர் (ஜோ ஈ. பிரவுன், அந்த வாய் ஒன்று போதும்) டாஃப்னியை விடிய விடிய டாங்கோ ஆடவைக்கிறார். விடியும்போது ஜோ ஜன்னல் வழியாக அறைக்குள் வருகிறான். ஜெர்ரி கட்டிலில் கிடந்து மராக்கஸ் என்கிற கிலுகிலுப்பையைக் குலுக்கிக்கொண்டிருக்கிறான். நிச்சயம் ஆகிவிட்டது என்கிறான். பொண்ணு யார் என்று ஜோ கேட்கிறான். "நான்தான்." உடனே ஒரு குலுக்கல். ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் குலுக்கல். வைல்டர்தான் அந்த மராக்கஸைக் கையில் கொடுத்தாராம், எதற்கென்று லெமனுக்கே முதலில் விளங்கவில்லையாம். தியேட்டரில் எழும் சிரிப்பில் அடுத்த வசனம் முங்கிவிடக் கூடாது, அதற்குத்தான். சும்மா நின்றால் அந்த இடைவெளி செத்துப்போகும். அதைத் தாளத்தால் நிரப்பிவிட்டார். எங்கள் குழுவில் சைட் ரிதம்காரர் இதைத்தான் செய்வார். அறிவிப்பாளர் ஜோக் சொன்னதும் கூட்டம் சிரித்து ஓயும்வரை ஷேக்கரை நிறுத்தமாட்டார்.

அந்தக் காட்சியிலேயே, ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளையை எதுக்குக் கட்டணும் என்று ஜோ கேட்பான். ஜெர்ரியின் பதில் ஒரே வார்த்தை, பாதுகாப்பு. திரும்பவும் வயிறுதான்.

எங்கள் குழுவில் டபுள் வாய்ஸ் பாடும் நண்பர் ஒருவர் இருந்தார். ஒரு கொடைக்குப் பாடகி வராமல் போக, கீபோர்டு ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அத்தனை டூயட்டையும் தனியாகவே பாடி முடித்தார். யாருக்கும் தெரியவில்லை. பேமெண்ட் வாங்கப் போனால், பாடகியிடம் நேரில்தான் கொடுப்போம் என்று கமிட்டியில் ஒரே பிடிவாதம். பாதி ராத்திரியில் அவர் அவர்கள் முன்னால் ஜானகியம்மா பாட்டில் நாலு வரி எடுத்துவிட்ட பிறகுதான் கவர் கைக்கு வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு இந்தப் படத்தைப் போட்டேன். இங்கிலீஷ் அவ்வளவாக வராது, நான் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். மனுஷன் சிரிக்காமல் தொழில்காரர் பார்வையில் பார்த்தார். "சாக்ஸ்காரன் பொம்பளைக் குரல் அவன் குரல் இல்லைவே, வேற ஆளு" என்றார். தேடிப் பார்த்தேன், கர்டிஸின் பெண் குரலில் ஒரு பகுதிக்குப் பால் ஃப்ரீஸ் என்பவர் டப்பிங் கொடுத்திருக்கிறார்!

கடைசிக் காட்சி. ஜோ, ஷுகர், டாஃப்னி, ஆஸ்குட் நாலு பேரும் மோட்டார் படகில் தப்பிக்கிறார்கள். கல்யாணத்தைத் தட்டிக்கழிக்க டாஃப்னி ஒவ்வொரு சாக்காகச் சொல்கிறது. ஆஸ்குட் எதற்கும் அசரவில்லை. விக்கைப் பிடுங்கி எறிந்து, நான் ஆம்பளைய்யா என்று கத்தினாலும், யாருமே நூத்துக்கு நூறு இல்லையே என்கிறார் சாவகாசமாக. வைல்டரும் அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய டயமண்டும் வேறு நல்ல வரி கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று போட்டு வைத்த வரியாம் அது.

நான் நண்பரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் ஏறிட்டானுவ," என்றார். "பேஸ் எங்கவே?"