அன்றன்றுள்ள அப்பமும் நகர மன்றமும்

2025 அக்டோபர் 19, ஞாயிறு

இன்றைய சுவிசேஷப் பகுதி லூக்கா 18: விதவையும் அநீதியுள்ள நியாயாதிபதியும். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதைப் போதகர் அழுத்தமாகப் பேசினார். லூக்காவே அந்தப் பகுதியை அப்படித்தான் தொடங்குகிறார். எனக்கு மனதில் நின்றது வேறொன்று. ஜெபத்துக்கு ஓர் உதாரணம் வேண்டும் என்றபோது ஆண்டவர் எடுத்தது, அதிகாரியின் வாசலில் திரும்பத் திரும்பப் போய் நின்று "எனக்கு நியாயஞ்செய்யவேண்டும்" என்று கேட்ட ஒரு பெண்ணை. அவள் கேட்டது தன் வழக்கை. அதைக் கேட்பதற்கு அவள் வெட்கப்படவில்லை.

ஆராதனை முடிந்ததும் மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பேருந்துகளை நிறுத்தும் யோசனை நகர மன்றத்தில் வந்திருக்கிறதாம். அடுத்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம். "சபையில் யாராவது பேசுவீங்களா தம்பி?" என்று கேட்டார்.

அக்டோபர் 22, புதன்

சமூக ஊழியக் குழுவில் இதை எடுத்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர் உடனே மறுத்தார்: "சபை சுவிசேஷத்தைப் பார்க்கட்டும், பேருந்தை அரசாங்கம் பார்க்கட்டும். இரண்டு ஆளுகை என்று லூத்தரே சொல்லியிருக்கிறாரே."

எங்கள் லூத்தரன் மரபைத் தொடங்கிய சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், தேவன் உலகத்தைச் சுவிசேஷத்தாலும் அரசாங்கத்தாலும் இரண்டு விதமாக ஆளுகிறார் என்று போதித்தார். அந்த மூத்தவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1530-ல் எழுதப்பட்ட, லூத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 28-ஆம் பிரிவு, சபையின் அதிகாரத்தையும் உலக அதிகாரத்தையும் கலக்கக் கூடாது என்று சொல்கிறது. ஆயர்களே அரசர்களாக இருந்த காலத்தில் எழுதியது அது. ஆனால் அதே அறிக்கையின் 16-ஆம் பிரிவையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கிறிஸ்தவர் பதவி வகிக்கலாம், நீதிபதியாக அமரலாம், சட்டப்படி தீர்ப்புச் செய்யலாம் என்கிறது. ஆளுகை இரண்டு, ஆனால் இரண்டுக்கும் ஆண்டவர் ஒருவரே. பேருந்து ஓடும் தெரு அவருடைய ஆளுகைக்கு வெளியே இருப்பதாக லூத்தர் எங்கேயும் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் பேசியும் முடிவுக்கு வரவில்லை.

அக்டோபர் 25, சனி

திடப்படுத்தல் வகுப்பு, அதாவது பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபைமுன் அறிக்கையிட ஆயத்தப்படும் வகுப்பு. சிறு ஞானோபதேசம் என்ற லூத்தரின் கேள்வி-பதில் நூலில் கர்த்தருடைய ஜெபத்தின் நான்காம் விண்ணப்பம். "அன்றன்றுள்ள அப்பம்" என்றால் என்ன என்று கேட்டு, 1529-ல் லூத்தர் எழுதிய பதில் ஒரு நீளமான பட்டியல். உணவு, உடை, செருப்பு, வீடு, நிலம், நல்ல வானிலை, சமாதானம், ஆரோக்கியம், நல்ல நண்பர்கள், உண்மையுள்ள அயலார். நடுவிலேயே நல்ல ஆட்சியாளர்களும் நல்ல அரசாட்சியும் வருகின்றன.

"அரசாட்சி எப்படி அப்பமாகும்?" என்றாள் ஒரு பெண். பிள்ளைகளே பதில் தேடட்டும் என்று விட்டேன். சாலை இல்லாவிட்டால் தானியம் வராது என்றான் ஒருவன். எடைக்கல்லில் ஏமாற்றினால் கேட்பதற்கு ஆள் வேண்டும் என்றான் இன்னொருவன். கேள்வி கேட்ட பெண் கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ நாம தினமும் அதுக்காகத்தான் ஜெபம் பண்ணிட்டு இருக்கோமா?" என்றாள். ஆமாம் அம்மா, தினமும் அதற்காகவும்தான்.

இந்தப் பதிலைப் பெரியவர்களும் ஒருமுறை மனப்பாடமாகச் சொன்னால் நல்லது.

அக்டோபர் 31, வெள்ளி

சீர்திருத்தத் திருநாள். மாலை ஆராதனைக்குப் பின் சிறிது நேரம் பேசச் சொன்னார்கள். விட்டன்பர்க், 95 கருத்துரைகள், 1517 என்று எல்லாருக்கும் தெரிந்ததை விட்டுவிட்டு, லைஸ்னிக் என்ற ஊரின் பெட்டியைப் பற்றிப் பேசினேன்.

சாக்சனியில் இருக்கும் அந்த ஊர்ச் சபை 1523-ல் ஒரு பொதுப் பெட்டி வைக்கத் தீர்மானித்தது. சபை வருமானம், காணிக்கை எல்லாம் அதில் சேரும். போதகர் சம்பளம், பள்ளிக்கூடம், முதியோர், அநாதைப் பிள்ளைகள், உழைக்க முடியாத ஏழைகள் எல்லாருக்கும் அதிலிருந்தே செலவு. லூத்தர் அந்த ஒழுங்குமுறைக்கு முன்னுரை எழுதி அச்சிட வைத்தார். பெட்டிக்கு நான்கு பூட்டு, நான்கு வெவ்வேறு சாவி: ஒன்று பிரபுக்களிடம், ஒன்று நகர மன்றத்திடம், ஒன்று நகர மக்களிடம், ஒன்று கிராமத்து விவசாயிகளிடம். நால்வரும் வந்தால்தான் திறக்கும். கிருபையினாலே இரட்சிப்பு என்று அறிந்தவர்கள் புண்ணியம் சேர்ப்பதற்காகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஏழைக்கு என்ன தேவை என்று கணக்குப் போட்டுக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கில் விவசாயிக்கும் ஒரு சாவி. எனக்கு மிகவும் பிடித்த சீர்திருத்தக் கதை இதுதான்.

மறுத்துப் பேசிய பெரியவர் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்.

நவம்பர் 4, செவ்வாய்

தேர்தலில் நிற்கப்போகும் ஒருவர் ஞாயிறு ஆராதனையில் ஐந்து நிமிடம் கேட்டாராம். சபைக் குழு மறுத்துவிட்டது. கூடத்தில் எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் அழைத்துக் கேள்வி கேட்கலாம், பிரசங்க பீடம் யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரியான முடிவு.

நவம்பர் 9, ஞாயிறு

இந்தத் தேதியை லூத்தரன் ஒருவர் சும்மா கடந்துபோகக் கூடாது. 1938-ல் இதே இரவில் ஜெர்மனி முழுக்க யூத ஜெப ஆலயங்கள் எரிந்தன. மறுநாள் லூத்தரின் பிறந்த நாள். அவரே 1543-ல் யூதர்களுக்கு எதிராக எழுதிய நூலில், ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லியிருந்தார். அதை மறைத்துவிட்டு அவருடைய பாடல்களை மட்டும் பாடிக்கொண்டிருக்க முடியாது. அமெரிக்காவின் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை 1994-ல் அந்த எழுத்தை வெளிப்படையாக நிராகரித்தது. செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

அந்த இரவுக்குப் பிறகு நாஜிகளை எதிர்த்த ஜெர்மன் லூத்தரன் போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் தன் வேதாகமத்தில் 74-ஆம் சங்கீதத்தில், தேசத்திலுள்ள ஆலயங்களைச் சுட்டெரித்தார்கள் என்ற வசனத்தின் ஓரத்தில் 9.11.38 என்று தேதி எழுதி வைத்தார். அநீதியான அரசின் சக்கரத்தில் நசுங்கியவர்களுக்குக் கட்டுப்போடுவது மட்டும் போதாத காலம் வரும், அப்போது சக்கரத்தையே தடுக்க வேண்டியிருக்கும் என்று 1933-லேயே எழுதியவர். 1945 ஏப்ரல் 9-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

1942 ஈஸ்டர் நாளில் நார்வேயின் பெரும்பான்மைப் போதகர்கள் நாஜி ஆதரவு அரசின் கீழ் வகித்த அரசுப் பதவியைத் துறந்தார்கள். சபைகளை மட்டும் விடவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில், நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் சமாதானத்துக்காக ஜெபித்தார்கள். 1989 அக்டோபர் 9 அன்று ஏறக்குறைய 70,000 பேர் அந்த நகரத்தின் தெருக்களில் நடந்தார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9 அன்று, பெர்லின் சுவர் திறந்தது.

இவற்றின் பக்கத்தில் எங்கள் பேருந்து மிகச் சிறிய விஷயம். ஆனால் சிறிய விஷயத்தில் வாய் திறந்து பழகாத சபை பெரிய நாளில் திடீரென்று பேசிவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

நவம்பர் 19, புதன்

கருத்துக்கேட்புக் கூட்டம். சபையின் பெயரால் ஒரு கடிதம் கொடுத்தோம், அவ்வளவுதான். பேசியது அந்த அக்கா. எந்த வேலை, எத்தனை மணிக்கு முடிகிறது, பேருந்து இல்லாவிட்டால் எந்த வழியாக நடக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். கூடத்தில் இருந்த வேறு சில இரவுப் பணியாளர்களும் அப்புறம் எழுந்து பேசினார்கள். அவர்களில் பெரும்பாலோர் எங்கள் சபை இல்லை, சிலர் எந்தச் சபையும் இல்லை.

லூத்தர் அழைப்பு என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். நோயாளியின் படுக்கையை மாற்றுவது அக்காவுக்குத் தேவன் கொடுத்த வேலை, அந்த வேலைக்குப் போய் வர வழி கேட்பதும் அதே வேலை. அவருக்குப் பதிலாகச் சபை பேசியிருந்தால் அது அவருடைய குரலை எடுத்துக்கொண்டதாக ஆகியிருக்கும். மறுத்த பெரியவரும் வந்திருந்தார், அக்காவுக்கு அடுத்த நாற்காலியில். வீட்டுக்கு அவரே தன் காரில் கொண்டுபோய் விட்டார்.

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. ஏசாயா 2, பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பது. நிருபம் ரோமர் 13-இன் கடைசி வசனங்கள். அதே அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களைக் காட்டி வாயை மூடச் சொல்கிறவர்கள் எட்டாம் வசனத்தையும் வாசித்தால் நல்லது. வரியைச் செலுத்துங்கள் என்று முடித்த கையோடு, ஒருவருக்கொருவர் அன்புகூருகிற கடனைத் தவிர வேறொன்றிலும் கடன்படாதிருங்கள் என்கிறார் பவுல். அந்தக் கடன் தீருவதில்லை.

நகர மன்றம் முடிவை ஜனவரிக்குத் தள்ளி வைத்திருக்கிறது. யார் யார் வர முடியும் என்று பெயர் எழுதும் தாளை இன்று ஆலய முன்கூடத்தில் ஒட்டினோம். பொது ஜெபத்தில் நகர மன்ற உறுப்பினர்களுக்காகவும் ஜெபித்தோம், யோசனையைக் கொண்டுவந்தவருக்காகவும் சேர்த்து.