ரேம் விலை இறங்கும் வரை பொறுக்க முடியாது

புதுக் கம்பியூட்டர் ஒன்று வாங்கலாம் என்று போய்க் கேட்டபோது, "கொஞ்சம் பொறுங்க அக்கா, ரேம் விலை இறங்கட்டும்" என்றுதான் ஹட்டன் டவுனில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் தம்பி சொன்னார். தன் வியாபாரத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒருவர் அப்படிச் சொன்னால் அந்த வார்த்தைக்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்தேன். வீட்டுக்கு வந்து எல்லாப் பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் போய் முற்பணம் கட்டிவிட்டேன். தலவாக்கலையிலும் நோர்வுட்டிலும் பதுளைப் பக்கமும் என்னைப் போல வீட்டிலிருந்தே டைப்செட்டிங் செய்கிறவர்கள் இதே யோசனையில் இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்காக அந்தக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன்.

கொட்டகலையில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் வேலைத்தலம். பாடசாலைத் தவணைப் பரீட்சை வினாத்தாள், கோயில் நோட்டீஸ், கல்யாணக் கார்ட், கண்ணீர் அஞ்சலி பனர் எல்லாம் இங்கேதான் தயாராகும். இத்தனை நாளும் உழைத்தது ஒரு நான்காம் தலைமுறை ஐ5. 2013இல் வெளிவந்த புரொஸசர், 8 ஜி.பி. ரேம் (வேலை நடக்கும்போது கம்பியூட்டர் பாவிக்கும் நினைவகம்), அதுவும் டி.டி.ஆர்.3 என்ற பழைய வகை. நான் வாங்கும்போதே அது பாவித்த மெஷின்தான். பாமினி எழுத்துருவில் வினாத்தாள் அடிக்க அது இன்றைக்கும் போதும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டதிலிருந்து திறப்பதும் மூடுவதும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது.

மாட்டிக்கொள்வது பனரில். பத்தடிக்கு நாலடி பனர் ஒன்றை அங்குலத்துக்கு 100 புள்ளி என்று வைத்தாலே 12,000க்கு 4,800 பிக்சல் வருகிறது. அச்சுக்கான நான்கு நிறங்களில் ஒரு முழு லேயர் (படத்தின் ஒரு அடுக்கு) மட்டும் 230 எம்.பி. அளவு. அம்மன் படம், பின்னணி, கோபுரம், உபயகாரர் படங்கள், எழுத்து என்று ஐந்தாறு லேயர் போனால் ஒரு ஜி.பி. தாண்டிவிடும். செய்ததைத் திருப்பி எடுக்கச் சேமித்து வைப்பது வேறு. 8 ஜி.பி.யில் வின்டோஸும் பிரவுசரும் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தில் இதெல்லாம் நடக்க வேண்டும். ஒரு படத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் திரை உறைந்து நிற்கிறது.

வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு ஆதரவு முடிந்தது எல்லோருக்கும் தெரியும். வின்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். என்னுடையதில் இரண்டும் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பிள்ளைகளின் பரீட்சை வினாத்தாள்கள் என் மெஷினில் கிடக்கின்றன, அந்த வேலையை நான் செய்யமாட்டேன். ஆனால் இந்தக் காரணத்துக்காக மட்டும் அவசரப்படத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மைக்ரோசொஃப்ட் பாதுகாப்பு அப்டேட்டை வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்துத் தருகிறது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அதில் சேமிக்க விட்டால் காசும் இல்லை. நானும் அதில் பதிந்துவிட்டேன். மெஷின் நன்றாக ஓடி, பனர் வேலையும் இல்லாதவர்கள் ஒக்டோபர் வரை தாராளமாகப் பொறுக்கலாம்.

சரி, ரேம் விலைக்கு வருகிறேன். உலகத்தில் ரேம் சில்லுகளில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று கம்பனிகள். ஏ.ஐ. தரவு மையங்களுக்கு எச்.பி.எம். என்ற வகை நினைவகம் தேவைப்படுகிறது. ஒரே அளவு ஜி.பி.க்கு அது இன்றைய கம்பியூட்டர்களில் போடும் டி.டி.ஆர்.5 ரேமைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கன் தட்டை எடுத்துக்கொள்கிறது. இலாபமும் அதில்தான் அதிகம் என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்கும் குரூஷல் ரேம் இனிக் கிடையாது என்று 2025 டிசம்பரில் மைக்ரோன் அறிவித்தேவிட்டது. பழைய டி.டி.ஆர்.4இன் பக்கம் ஒதுங்கலாம் என்றால் அதன் உற்பத்தியையும் குறைத்துக்கொண்டு வந்ததில் அதுவும் ஏறிக்கிடக்கிறது. புதிய தொழிற்சாலை எழும்பி, அதிலிருந்து சில்லு வெளிவரச் சில வருடங்கள் பிடிக்கும். அதனால் "கொஞ்சம் பொறுங்க" என்பதில் அந்தக் "கொஞ்சம்" ஆறு மாதமா, இரண்டு வருடமா என்று தம்பிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பொறுப்பதற்கு நம் நாட்டில் இன்னொரு விலையும் உண்டு. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் 2021 கடைசியில் லப்டொப்புக்குக் காசு சேர்த்து வைத்திருந்தார். புது மொடல் வரப்போகிறது, வந்தால் பழையது விலை குறையும் என்று காத்திருந்தார். அன்றைக்கு அது நியாயமான யோசனைதான். அப்போது டொலர் 200 ரூபாவை அண்டி இருந்தது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள், மே மாதம் டொலர் 360ஐத் தொட்டது. அவர் சேர்த்த காசு பாங்கில் அப்படியே இருந்தது, லப்டொப் மட்டும் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. புது மொடல் வந்தால் பழையது மலிவாகும் என்ற கணக்கு டொலரில் சம்பளம் வாங்குகிற ஊரில் சரிவரலாம். இறக்குமதியை நம்பி இருக்கும் நமக்கு ரூபா என்ன செய்யும் என்பதையும் சேர்த்தல்லவா பார்க்க வேண்டும்?

எல்லாவற்றையும்விட என் மனதைத் தீர்மானித்தது 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல்தான். மலைநாட்டில் பாதை அறுந்தது, ரயில் பாதை அறுந்தது, மண்சரிவில் போன உயிர்களைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கரண்ட் வந்த பிறகு முதலில் என் வாசலுக்கு வந்தது கல்யாணக் கார்ட் இல்லை. வீடு போனவர்களின் விண்ணப்பங்கள், காணாமல் போன அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் கடிதங்கள், அஞ்சலி பனர்கள். கூடப்பிறந்த தம்பியைப் பறிகொடுத்த ஒருவர் என் பின்னால் நின்றுகொண்டிருக்க, இறந்தவரின் படம் திரையில் பாதி வந்து பாதி வராமல் நின்றது. "பரவாயில்ல பிள்ள, மெதுவா செய்ங்க" என்றார். அவரை அப்படி நிற்க வைக்கும் மெஷினோடு இன்னொரு வருடம் ஓட்ட எனக்கு விருப்பமில்லை. இனிச் சித்திரை தாண்டும் வரை தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் திருவிழா. வருடத்தில் எனக்கு நாலு காசு மிஞ்சுவதும் இந்த மாதங்களில்தான்.

ஆனால் காசு சின்னக் காசில்லை. மொனிட்டர் பழையதையே வைத்துக்கொண்டும் இரண்டரை இலட்சத்துக்குக் கிட்ட வருகிறது. எங்கள் அம்மா ஓய்வு பெறும் வரை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். அவரிடம் இந்தத் தொகையைச் சொன்னதும் அவர் போட்ட கணக்கு வேறு. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக்கி 2025 முடியும் வரை இருந்த அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழாமல் 185 முழுப்பேர், அதாவது 185 நாள் முழுச் சம்பளம். ஏழு மாதத்துக்கு மேல் ஒரு ஆள் தேயிலை மலையில் நிற்க வேண்டும். அதனால்தான் வாங்கும் சாமான் ஒவ்வொன்றும் பின்னால் கூட்டிக்கொள்ள இடம் வைத்ததாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

லப்டொப்பை அதனால்தான் தள்ளிவைத்தேன். மெலிசான மொடல்களில் ரேமை போர்டோடு சோல்டர் பண்ணிவிடுகிறார்கள். இன்றைக்குக் காசில்லாமல் 8 ஜி.பி. எடுத்தால் கடைசி வரை 8 ஜி.பி.தான். வெளியூர் போய் வேலை செய்கிறவர் என்றால் ரேம் செருகும் குழி ஒன்று வெறுமையாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எனக்கு டெஸ்க்டொப் போதும். கடைத் தம்பியோடு பேசி எடுத்தது ஏ.எம்.டி. கம்பனியின் ரைசன் 5 7600 புரொஸசர், ஏ.எம்.5 சொக்கெட் (புரொஸசர் உட்காரும் இடம்) உள்ள மதர்போர்ட், 16 ஜி.பி. டி.டி.ஆர்.5 ஒரே துண்டாக. இன்னொரு குழி வெறுமையாக இருக்கும். இரண்டு துண்டாகப் போட்டால் வேகம் கூடும் என்பது உண்மை, ஆனால் 8 ஜி.பி. இரண்டைப் போட்டுக் குழியை நிரப்பிவிட்டால் பின்னால் இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் கூட்ட முடியும். தனி கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டாம். புரொஸசருக்குள் இருப்பதே நோட்டீஸுக்கும் பனருக்கும் போதும்.

போர்டில் ஏ.எம்.டி.யின் பக்கம் நான் சாய்ந்ததற்குக் காரணம் உண்டு. 2017இல் முந்தைய ஏ.எம்.4 போர்ட் வாங்கியவர்களில் பலர் பயோஸ் என்ற போர்டின் அடிப்படை மென்பொருளை மட்டும் புதுப்பித்து, 2020இல் வந்த ரைசன் 5000 வரிசையை அதே போர்டில் போட்டார்கள். ஏ.எம்.5க்கும் 2027 வரையாவது புதுப் புரொஸசர்கள் வரும் என்று கம்பனி சொல்லியிருக்கிறது. இன்டெலில் 12, 13, 14ஆம் தலைமுறைகள் ஒரே சொக்கெட்டில் வந்தன. 2024இல் டெஸ்க்டொப்புக்குக் கோர் அல்ட்ரா வந்தபோது சொக்கெட் மாறிவிட்டது. பொறுத்திருந்து வாங்க நினைக்கும் புதுமையைப் பின்னால் அதே பெட்டிக்குள் வைக்க முடியுமென்றால், காத்திருக்க வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடுகிறது.

இங்கே வாழ்கிறவர்கள் பட்ஜெட்டில் இன்னொன்றுக்கும் இடம் வைக்க வேண்டும், அது கரண்ட். கம்பிகள் மரங்களுக்கு நடுவே மலை ஏறி இறங்கி வருகின்றன. காற்றடித்தால் விட்டு விட்டு வரும். நல்ல பவர் சப்ளையும், கரண்ட் போனாலும் பெட்டரியில் கொஞ்ச நேரம் தாங்கும் யூ.பி.எஸ்.ஸும் இல்லாமல் புது மெஷினை இங்கே ஓட்டக் கூடாது. யூ.பி.எஸ். பெட்டரி இரண்டு மூன்று வருடத்தில் போகும், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடிக்கு யூ.பி.எஸ். காவல் இல்லை. பிளக்கைக் கழற்றத்தான் வேண்டும், ரவுட்டருக்கு வரும் டெலிபோன் கம்பியையும் சேர்த்து. தோட்டத்துப் பழைய லயன் (வரிசை) வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று வயரிங் தெரிந்தவரைக் கொண்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஈரமும் அப்படித்தான். ஆடி மாதத்தில் ஜன்னலைத் திறந்தால் மூட்டம் அறைக்குள் வந்துவிடும். காலையில் மெஷின் பீப் பீப் என்று கத்தித் திரை வராமல் நின்றால் பயப்படாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு ரேமை எடுங்கள். அதன் அடியில் இருக்கும் தங்க நிறப் பற்கள் மங்கி, மெல்லிய படலம் பிடித்திருக்கும். பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் ஒரே பக்கமாக மெதுவாகத் தேயுங்கள். தூளைத் தட்டிவிட்டு, "டக்" என்று இரண்டு பக்கக் கிளிப்பும் விழும்வரை அழுத்திப் போடுங்கள். என் பழைய மெஷினுக்கு ஒவ்வொரு மழைக்காலமும் இந்த வைத்தியம்தான். வேலை இல்லாத நாளிலும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது.

அந்தப் பழையது அண்ணன் மகனுக்குப் போகிறது. உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுத்திருக்கிறான், பைத்தன் எழுதிப் பழக ஒரு மெஷின் இல்லாமல் போனில் தட்டிக்கொண்டிருந்தான். வின்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுக்கப் போகிறேன். அதற்கு அந்த 8 ஜி.பி. தாராளம்.

புதியது செவ்வாய்க்கிழமை கைக்கு வரும். நோர்வுட் பக்கத் தோட்டம் ஒன்றின் திருவிழா பனர் வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும், முதலில் அதைத்தான் திறப்பேன். ஒற்றை ரேமில் அது எப்படி ஓடுகிறது என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். யூ.பி.எஸ். எது எடுப்பது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை, மலைப்பக்கம் பாவித்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.