கப்பல் வருவதற்குள்

திருப்பூரில் நூல் விலை மாதம் ஒன்றாம் தேதி வெளியாகும். 2022 மே மாதம் கிலோவுக்கு ஒரேயடியாக 40 ரூபாய் ஏறியது. நான் அப்போது ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். பையரிடம் பழைய நூல் விலைக்கு ரேட் பேசி ஆர்டர் எடுத்தாயிற்று. "பத்து நாள் பொறுத்து வாங்கிக்கலாம்" என்றார் முதலாளி.

நூல் இல்லையென்றால் துணி பின்னும் நிட்டிங் இல்லை, சாயப்பட்டறைக்கு அனுப்பத் துணியும் இல்லை. தையல் லைனில் ஓவர்லாக் மெஷின் இரண்டு ஓடும், பேட்லாக் மெஷின் சும்மா நிற்கும். ஓர் அக்கா மெஷினுக்கு எண்ணெய் விட்டார், துடைத்தார், நூல் கோத்தார், மறுபடியும் துடைத்தார். "ஏனுங்ண்ணா, இன்னைக்கும் அரை ஷிப்ட்தானுங்களா?" அரை ஷிப்ட் என்றால் அரைக் கூலி. என் எஃபிஷியன்சி ரிப்போர்ட்டிலோ அந்த அக்காவின் லைன்தான் கடைசி.

2021 பட்ஜெட்டில், நூல் நூற்க வாங்கும் இறக்குமதிப் பஞ்சுக்கு எல்லாம் சேர்த்து 11 சதவீத வரி வந்தது. பருத்தி விவசாயிக்கு ஆதரவு என்றார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மறுவருஷம் உள்ளூர்ப் பஞ்சு ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2022 ஏப்ரல் 14 முதல் செப்டம்பர் 30 வரை வரியை நீக்கினார்கள். சரி, உடனே நூல் இறங்கிவிடுமா? மில்காரர் வெளிநாட்டில் பஞ்சு பேசி, கப்பல் ஏற்றி, தூத்துக்குடியில் இறக்கவே மாதக்கணக்கில் ஆகும். அப்புறம்தான் நூற்பு. மே 16, 17 தேதிகளில் ஊரே கடையடைத்துப் போராடியபோதும் அந்தப் பஞ்சு எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஜூலையில்தான் சலுகையை அக்டோபர் 31 வரை நீட்டித்தார்கள். 2025 ஆகஸ்டிலும் இதே கதை: வரி விலக்கு முதலில் ஆறு வாரம், பத்து நாள் கழித்து டிசம்பர் 31 வரை. முதல் அறிவிப்பிலேயே நாலு மாதம் கொடுத்திருந்தால் மில்காரர் அன்றைக்கே ஆர்டர் போட்டிருப்பார்.

இதற்கு நடுவே எங்கள் கம்பெனியில் ஸ்டாப்வாட்சோடு ஓர் ஆளை நிறுத்தி, கை தைக்க எத்தனை விநாடி, கழுத்துக்கு எத்தனை விநாடி என்று எழுதச் சொன்னார்கள். தைக்கத் துணி இருந்த நாளில் எழுதினார். ரிப்போர்ட்டில் நான் பென்சிலால் ஒரு கட்டம் சேர்த்தேன்: 'துணி இல்லாத நேரம்'. முதல் வாரமே அதுதான் பெரிய எண். முதலாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுக்கு யாரைய்யா திட்டறது?"